ஆணி அடிக்கலாம்

அந்தத் தையல்கார அக்காவிடம் ரவிக்கை தைத்துப் போட்டுப் பார்த்த பெண்கள் எல்லாரும் கண்ணாடி முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் மனைவியும் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி நல்ல கண்ணாடிதான். மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து வாங்கியது. கனத்த மரச்சட்டம். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். ஆனால் அது தரையில் நின்றது. நின்றபடி பார்த்தால் புடவைக் கொசுவம் மட்டும் தெரியும். கழுத்து வெட்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் பருமனானவர்கள் எழுந்திருக்க அக்காவே கை கொடுப்பாள்.

"கோவிச்சுக்கிடாதீய. வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்பாள்.

நான் அப்போது சங்கரன்கோவிலில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் இருந்தேன். சொந்த ஊர் ராயகிரி. எனக்குப் பயந்த சுபாவம். கடன் பிரிவுக்கு அது நல்ல குணம் என்று மேலாளர்கள் சொல்வார்கள். மழையே பார்க்காத ஊரில் குடையோடு போகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று மனைவி சொல்வாள். அப்படிப்பட்ட மனைவி ஒரு நாள் புது ரவிக்கையோடு வந்து, "அந்த அக்கா வீடு கட்ட லோன் கேட்டு வாராவ. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடாதீய" என்றாள்.

மறுநாள் அக்கா வங்கிக்கு வந்தாள். கழுத்தில் அளவு டேப் கிடந்தது. எங்கே போனாலும் அதைக் கழற்றி வைக்க மறந்துவிடுவாள். பிறகு அது அவளுக்கு நகை மாதிரியே ஆகிவிட்டது. வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். துணிப்பையிலிருந்து ஒரு கட்டு நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாம் அளவு நோட்டு. பெயர், தேதி, தோள், கை, இடுப்பு.

"ஊர்ல பாதிப் பொம்பளைக இதுல இருக்காவ சார். வருசா வருசம் வாராவ. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

ஒன்றைப் புரட்டினேன். என் மனைவியின் பெயர் இருந்தது. மூன்று வருடத்தில் அளவு மூன்று தடவை மாறியிருந்தது. நோட்டை மரியாதையாக மூடிவிட்டேன்.

சீட்டுப் பிடித்த பணத்தில் மேலநீலிதநல்லூர் சாலைப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தாள். அதில் ஒரே வரிசையாக நாலு வீடு கட்ட வேண்டும். ஒன்றில் அவள் இருப்பாள். மூன்றை வாடகைக்கு விடுவாள். அந்த வாடகை வங்கித் தவணைக்குப் போகும். தையல் வருமானம் சாப்பாட்டுக்கு. கணக்கு அவ்வளவுதான். கணவர் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். தறிச் சத்தத்திலேயே இருந்து இருந்து பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதர். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுவார்.

"வாடகைக்கு ஆள் வரலேன்னா?" என்றேன்.

"வருவாவ."

"எப்படிச் சொல்லுதீய?"

"நான் ஒம்பது வீட்டுல குடியிருந்தவ சார். ஒவ்வொரு வீட்டையும் ஏன் காலி பண்ணுனேன்னு எனக்குத் தெரியும். அந்த ஒம்பது தொந்தரவும் இல்லாம ஒரு வீடு கட்டுனா, எவன் காலி பண்ணுவான்?"

அந்த ஒன்பதையும் அவள் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்துவாராம். இன்னொரு வீட்டில் மீன் பொரித்த அன்றெல்லாம் வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பாளாம். இன்னொன்றில் எல்லாருக்கும் ஒரே மின் மீட்டர். அக்கா இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் மாடியிலிருந்து, "யாரு அது பெட்டி போடுதது?" என்று குரல் வரும். இதையெல்லாம் சொல்லும்போது அவளுக்குக் கோபமே வராது. பரீட்சைக்குப் படித்த பாடம் மாதிரி ஒப்பிப்பாள்.

ஒன்பதாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். நகருக்குள் ஐந்து வீடு வைத்திருந்த ஓர் அண்ணாச்சியின் வீடு அது. கண்ணாடியை வாங்கி வந்த அன்று, அனுமதி கேட்காமல் கூடத்துச் சுவரில் ஆணியை வைத்து ஓர் அடி அடித்தாள். இரண்டாவது அடிக்குள் அண்ணாச்சி மாடியிலிருந்து பனியனோடு ஓடி வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு அடிச்ச?" என்றார். குறடு ஒன்றை எடுத்து ஆணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். அன்று சாயங்காலமே அந்த இடத்தில் சிமென்ட் பூசினார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர்கள் காரணம் சொல்லும் வழக்கம் எங்கள் ஊர்ப்பக்கம் இல்லை. வளைந்த ஆணியை அக்கா தெருவில் தேடி எடுத்துப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள். கண்ணாடி இப்போதைய பத்தாவது வாடகை வீட்டின் தரைக்கு வந்தது.

கடன் மனு மேலாளரிடம் போனது. அவர் கோயம்புத்தூர்க்காரர், கறாரான ஆள். மனையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். இருவரும் போனோம். வெறும் பொட்டல். ஓரத்தில் ரெண்டு உடைமுள் மரம். ஆனால் மனை முழுக்க அக்கா சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வைத்திருந்தாள். நாலு வீடும் நிஜ அளவில் தரையில் கிடந்தன.

மேலாளர் விறுவிறுவென்று உள்ளே நடந்தார்.

"சார், சார்! அது சுவரு" என்று அக்கா கத்தினாள். "வாசல் இங்கன இருக்கு."

மேலாளர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், பின்னால் வந்து, சுற்றிப்போய், வாசல் வழியாக நுழைந்தார். செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்ததையும் பார்த்தேன். அக்கா அவரை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். இங்கே அடுப்பு. ஜன்னல் சாலையைப் பார்த்து இருக்கிறது, மீன் மணம் பக்கத்து வீட்டுக்குப் போகாது. இங்கே ஈரத்துணி காயும். நாலுக்கும் நாலு மீட்டர், நாலு தொட்டி. பிள்ளைகள் படிக்கும்போது விருந்தாளி வந்தால் இங்கே உட்காரலாம். வெயிலில் அரைமணி நேரம் அந்த இல்லாத வீட்டில் நாங்கள் குடியிருந்தோம்.

திரும்பும்போது மேலாளர், "எத்தனையோ பேர் கட்டி முடிச்ச வீட்டைக் காட்டியிருக்காங்க. இவ்வளவு தெளிவா யாரும் காட்டலைங்க" என்றார். கடன் கிடைத்தது. பரிந்துரையில் என் கையெழுத்து இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் பயந்தது வீண் போகவில்லை. தப்பு நடந்தது, அதையும் நானேதான் செய்தேன். வேலை முடியக் கொடுத்த கெடுவைக் கணக்குப் பார்த்து, முதல் தவணையை ஜூலைக் கடைசியில் போட்டிருந்தேன். மணல் தாமதம், கொத்தனார் வீட்டுக் கல்யாணம், அது இது என்று இழுத்து, பெயின்ட் காய்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டார்கள். நான் ராயகிரிக்காரன், இது தெரியாதவனா? ஆனால் வங்கிக் கம்ப்யூட்டரில் ஜூலை இருந்தது, ஆடி இல்லை.

ஆடியில் கல்யாணம் இல்லை. அதனால் தையலும் இல்லை. புது வீட்டுக்குப் போக முடியாததால் பழைய வீட்டுக்கு வாடகை வேறு. கையிலிருந்ததை எல்லாம் கட்டடம் தின்றுவிட்டது. தவணைகள் அடுத்தடுத்துத் தவறினால் நோட்டீஸ் போகும், பிறகு வீடும் போகும். இதைச் சொல்வதற்கென்றே அந்த ஐந்து வீட்டு அண்ணாச்சி வங்கிக்கு வந்தார். அவர் எங்கள் கிளையில் பெரிய டெபாசிட்காரர்.

"ஆவணி வரைக்கும் தாங்குதாளான்னு பாப்போம். தாங்கலேன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எடுத்துக்கிடுதேன்" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்று மாலையே அக்காவைப் பார்த்து, தப்பு என்னுடையது, தவணையை ஒரு மாதம் தள்ளிப்போட எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

அக்கா டேப்பை விரலில் சுற்றினாள். பிறகு கேட்டாள்.

"சார், ஆடியில குடி போகாதவங்க யாருன்னு ஊருக்கே தெரியும். போறவங்க யாரு?"

"முதல்ல நாம போவோம்" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். அவள் கணவர். நான் அவர் பேசிக் கேட்ட முதல் வாக்கியம் அது. "நாமளே போகாம மத்தவங்களை எப்படிக் கூப்பிடுதது? நாளைக்கே பால் காய்ச்சிருவோம்."

காய்ச்சினார்கள். ஊர் சிரித்தது. அன்று அக்கா முதலில் செய்த காரியம், கண்ணாடியைச் சுவரில் மாட்டியது. இரண்டு பெரிய ஆணி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து. என் மனைவி முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, கழுத்து நல்லாத்தான் வெட்டியிருக்கீய!" என்றாள். அத்தனை வருடமும் உட்கார்ந்து பார்த்ததை அவள் நம்பவில்லை போலிருக்கிறது.

மறுநாள் சாலையோரம் ஒரு பலகை நின்றது. நீலப் பெயின்டில் அக்காவே எழுதியது.

வீடு வாடகைக்கு.
தனி மீட்டர்.
மீன் பொரிக்கலாம்.
ஆணி அடிக்கலாம்.

அந்தப் பலகையைப் பார்க்கவே ஆட்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிப் படித்தார்கள். அண்ணாச்சி தன் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை படித்ததாகக் கேள்வி.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். கடையநல்லூர்க்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை மாற்றலாகி வந்து, உம்மாவைக் கூட வைத்துக்கொள்ள வீடு தேடிக்கொண்டிருந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"ஆடி மாசமாச்சே, பரவாயில்லையாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான் அக்கா. ஆறு வீடு பாத்துட்டேன். பேரைக் கேட்டதும், 'இப்பத்தான் வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்'ங்காவ. நீங்களும் முதல்லயே சொல்லிருங்க."

"என்ன சொல்லணும்? சாவி இந்தா. சுவர்ல என்ன மாட்டப் போறீய?"

நர்ஸ் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெதுவாக, "வாப்பா போட்டோ ஒண்ணு இருக்கு" என்றாள். "சவூதியில மௌத்தாயிட்டாவ, அங்கேயே அடக்கிட்டாவ. பெட்டிக்குள்ளேயேதான் வச்சிருக்கோம்."

அக்கா உள்ளே போனாள். ஒரு சுத்தியலும் ஒரு டப்பா ஆணியும் கொண்டு வந்து சாவியோடு சேர்த்து அந்தப் பெண் கையில் கொடுத்தாள்.

அந்த வாரத்துக்குள் இன்னொரு வீட்டுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். ஆடிக்குப் பிரித்து அழைத்துப்போக இரண்டு பக்கத்திலும் ஆள் கிடையாது. மூன்றாவது வீட்டுக்கு ஒரு வக்கீல். வக்கீலுக்கு வீடு கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது என்று ஊரில் எல்லா வீட்டுக்காரர்களும் கதவைச் சாத்தியிருந்தார்கள். அக்கா அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்: "என் வாடகைச் சீட்டை நீங்களே எழுதித் தந்துருவியளா சார்?" அவர் இலவசமாக எழுதிக் கொடுத்தார், மூன்று வீட்டுக்கும்.

தவணை நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அக்கா மூன்று வீட்டு முன்பணத்தோடு வங்கிக்கு வந்தாள். "கட்ட வந்திருக்கேன் சார்" என்றாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கறார் மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "வாசல் வழியாத்தானுங்களே வந்தீங்க?" என்றார். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்காரியாக அவளைப் பார்ப்பது தனி வேடிக்கை. தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டு நிற்பாள். வரச் சொன்னாலும் கூடத்தைத் தாண்டமாட்டாள். குழாய் ஒழுகுகிறது என்று காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் ஆளோடு வருவாள். "ஒழுகுத குழாயோட நான் நாலு வருசம் இருந்தவ. அந்தச் சத்தத்துல தூக்கம் வராது" என்பாள். வாடகை கேட்டு ஒரு நாளும் படியேறியதில்லை. குடியிருப்பவர்கள்தான் தைக்கக் கொடுக்கும் சாக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சில விஷயங்களில் எனக்கு அவளோடு ஒத்துப்போனதில்லை. இரண்டு வருடம் கழித்து வக்கீல் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். சுவர் சல்லடையாகக் கிடந்தது. சட்டப் புத்தக அலமாரிக்கு ஆறு ஆணி, காலண்டர்களுக்கு நாலு, கோட்டுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் எட்டு. வங்கிக்கு ஈடாக இருக்கிற சுவர்! எனக்குப் பதறியது.

"பாத்தீயளா? இதுக்குத்தான் ஒருத்தனும் விடமாட்டேங்கான்" என்றேன்.

"சுவருதான சார். பட்டி பூசுனா மூடிரும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, யாருக்கும் சொல்லாத தொழில் ரகசியத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "இருபது ஆணி அடிச்சவன் லேசுல காலி பண்ணமாட்டான். அத்தனையும் யாரு பிடுங்கிக்கிட்டு இருப்பா?"

ஊரில் மற்ற வீடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவள் வீடுகளில் பலகை மாட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. அடுத்த ஆடியும் வந்தது, அதற்கடுத்த ஆடியும் வந்தது, ஒரு வீடும் காலியாகக் கிடக்கவில்லை.

பிறகு எனக்கு மாற்றல் வந்து மதுரைக்குப் போய்விட்டேன். ஏழெட்டு வருடம் தீபாவளிக்குத் தீபாவளி போனில் பேசியதோடு சரி. கடனைக் கெடுவுக்கு முன்னாலேயே அடைத்துப் பத்திரத்தைத் திருப்பி வாங்கிய அன்று கூப்பிட்டாள். "பத்திரத்தை எங்க வைக்க சார்? பீரோவே இல்லையே" என்று சிரித்தாள்.

போன வருடம் மறுபடியும் கூப்பிட்டாள். "ஒரு பத்திரம் முடிக்கேன். நீங்களும் வீட்ல உள்ளவகளும் கட்டாயம் வரணும்" என்றாள். யாருடைய வீடு என்று சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், பதிவு அலுவலகத்தில் அந்த ஐந்து வீட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார். பிள்ளைகள் சென்னையில். வீடுகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு அங்கே போகப்போகிறார். இந்தத் தடவை அக்கா கடன் வாங்க அளவு நோட்டுகள் தேவைப்படவில்லை. மூன்று வீட்டு வாடகைச் சீட்டே போதுமாக இருந்தது.

பதிவு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனோம். அதே ஒன்பதாவது வீடு. அண்ணாச்சி சாவியைக் கொடுத்தார். அக்கா கூடத்துக்குள் நுழைந்து நேராக அந்தச் சுவரிடம் போனாள். அன்று பூசிய சிமென்ட் வட்டம் இத்தனை பெயின்டுக்கு அடியிலும் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. பையிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்தாள். பழைய ஆணி. தட்டி நிமிர்த்தி வைத்திருந்தாள். அவள் கணவர் சுத்தியலை நீட்டினார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா வட்டத்தின் நடுவில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

"நில்லு! நில்லு!" அண்ணாச்சி பதறி எழுந்தார். "அங்கன அடிக்காத. பின்னால பாத்ரூம். சுவருக்குள்ள தண்ணிக் குழாய் போகுது. ஒரு சாண் தள்ளி அடி."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"அன்னைக்கும் குழாய்தானா அண்ணாச்சி?"

"பின்னே? நீ இன்னும் ஒரு அடி அடிச்சிருந்தேன்னா வீடே வெள்ளக்காடாயிருக்கும்லா."

"இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"வீட்டுக்காரன் எதுக்குச் சொல்லணும்?" என்றார் அண்ணாச்சி, பழைய வேகத்தில். சொன்ன பிறகுதான் இப்போது வீட்டுக்காரர் யார் என்பது அவருக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கணவரும் என் மனைவியும் கடைசியில் அண்ணாச்சியும் சேர்ந்துகொள்ளும்வரை சிரித்தாள்.

"நல்லவேளை, நீங்க சொல்லல அண்ணாச்சி. சொல்லியிருந்தா நான் இன்னும் இந்த வீட்டுல வாடகைக்குத்தான் இருந்திருப்பேன்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, வட்டத்திலிருந்து ஒரு சாண் அளந்தாள். புள்ளி வைத்தாள். மூன்றே அடி. ஆணி வளையாமல் நேராக இறங்கியது.

"குழாய் எங்கிட்டுக் கூடிப் போகுது, காட்டுங்க" என்றாள் அண்ணாச்சியிடம். அவர் விரலால் மேலிருந்து கீழே காட்டிக்கொண்டே வர, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் அவள் பின்னாலேயே கோடு இழுத்தாள். கோட்டின் மேல், அடுத்து வருகிறவர்களுக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதினாள்:

"உள்ளே குழாய். மற்ற இடத்தில் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம்."